பன்னிரண்டு பாட்டில் வெளிச்சம்

“செஞ்சு காட்டுங்க” என்று கேட்டேன்.

கேட்கவே கூடாது என்று எனக்கு மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். அம்மா ரயிலில் வரும்போதே என் முழங்கையைக் கிள்ளிச் சொன்னார். தம்பி ஃப்ரெடோ கெஞ்சிச் சொன்னான். மூன்றாவதாகச் சொன்னது ஒரு பலகை. மண்டபத்து வாசலில், குடைகளைப் போடும் தொட்டிக்கு மேலே, தங்க எழுத்தில் மாட்டியிருந்தார்கள்: ‘ஐயத்தையும் குடையையும் இங்கே விட்டுவிட்டு உள்ளே வரவும்.’

குடையை விட்டேன். மற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.

மண்டபம் என்பது பதினான்காம் தெருவில் மூடிக்கிடந்த பழைய சினிமாக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கூட்டம். பன்னிரண்டுக்கே வரிசை செருப்புக்கடையைத் தாண்டி, மூலை திரும்பி, பேருந்து நிறுத்தம்வரை போய்விடும். பேருந்துக்கு நின்றவர்களில் சிலர் தவறிப்போய் இந்த வரிசையில் சேர்ந்து, உள்ளே போனபின் திரும்பவேயில்லை என்றும் கேள்வி. எல்லோர் கையிலும் காலிப் பாட்டில். சிலரைப் பிள்ளைகள் தாங்கிப் பிடித்திருப்பார்கள். பலரை அம்மாக்கள் தாங்கிப் பிடித்திருப்பார்கள். இந்த நோயில் வரிசை மாறிவிட்டது, மகன்கள் முந்திக்கொண்டார்கள்.

அது 1987 இலையுதிர்காலம். நியூயார்க்கில் எய்ட்ஸ் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஃப்ரெடோவுக்கு ‘நெஞ்சில் சளி’ என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஒரு வருஷமாகக் கரையாத சளி. இருபத்து நான்கு வயதில் கைத்தடி பிடிக்கவைக்கும் சளி. அக்கம்பக்கத்தாரும் நல்லவர்கள், நம்புவதுபோல நடித்தார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் வந்து, தண்ணீரிலேயே குணமாகும் என்றால் வரிசை நிற்காதா? நிற்கும். வரிசையில் நின்றவர்களை நான் கேலி செய்வேன், ஆனால் கொஞ்சமாகத்தான். என் அம்மாவும் அதில்தான் நின்றார்.

கேலியில் பெரும்பங்கு பிரதர் ஆல்டனுக்கு. வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் செருப்பு, வெள்ளைப் பல். முன்பு வானொலியில் மெத்தை விற்றவர். அந்தக் குரலைக் கேட்டாலே படுத்துக்கொள்ளத் தோன்றும். ஒருநாள் அவர் உள்ளங்கையில் வெளிச்சம் இறங்கியதாம். அந்தக் கையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மேல் பிடித்தால் வெளிச்சம் தண்ணீருக்குள் போகுமாம். குடித்தால் ரத்தம் சுத்தமாகுமாம். வெளிச்சம் ஏறிய பாட்டிலை அவர் கை தொடாமலே கண்டுகொள்ளுமாம்; நெருப்பாகச் சுடுமாம்.

பிராங்க்ஸில் ஒருவர் இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தார் என்று ஊரே பேசியது. நான் அவரைத் தேடிப் போனேன். அவர் ஒருவருடைய மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்த மச்சானைக் கண்டுபிடித்தேன். அவர் தன் மாமியாருக்குத் தெரிந்தவர் என்றார். மாமியார் தன் முடிதிருத்தகத்தில் கேள்விப்பட்டது என்றார். நான்கு வீடு ஏறி இறங்கினேன், மனிதர் கிடைக்கவில்லை. ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. பிரதரின் மேடையருகே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்.

தண்ணீர் வேலை செய்ய மூன்று நிபந்தனை. சந்தேகப்படக் கூடாது. கோபப்படக் கூடாது. மாத்திரை சாப்பிடக் கூடாது. பிழைத்தால் தண்ணீரின் மகிமை. செத்தால் நீ ரகசியமாகச் சந்தேகப்பட்டிருக்கிறாய். தண்ணீர் தோற்க வழியே கிடையாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் மெத்தைக் கடையில் வீணாகிப்போனார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மூன்றாவது நிபந்தனைதான் என்னை அந்த மண்டபத்துக்கு இழுத்து வந்தது.

இந்த நோய்க்காரர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது ஒருவகை நிமோனியா. அதைத் தடுக்க ஒரு பழைய சல்ஃபா மாத்திரை இருந்தது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஃப்ரெடோவின் டாக்டர் அதைத்தான் கொடுத்தார். சாப்பிட்ட இரண்டாவது வாரம் தோளில் அரிப்பு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இது தாங்கக்கூடிய அரிப்புதான், மாத்திரையை விடாதே என்றார். பிரதர் பார்க்காமலே, அது வெளிச்சமும் விஷமும் போடும் சண்டை, மாத்திரையை விடு என்றார். தம்பி பிரதர் பேச்சைக் கேட்டான். மூன்று வாரமாக மாத்திரை டப்பா அவன் சட்டைப்பையில் இருந்தது. நடக்கும்போது கிலுகிலுக்கும். திறக்க மாட்டான்.

நான் எங்கள் குடும்பத்திலேயே முதலில் கல்லூரி முடித்தவள். உயிரியல். மருத்துவமனையொன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மா தையல் தொழிற்சாலையில் இருபது வருஷம் குனிந்து வாங்கித் தந்த பட்டம் சுவரில் தொங்கியது. சொந்தத் தம்பியை ஒரு மாத்திரை விழுங்க வைக்க அந்தப் பட்டம் உதவவில்லை.

அதனால்தான் அன்றைக்கு எழுந்து நின்று கேட்டேன்.

“எதை மகளே செஞ்சு காட்டணும்?” என்றார் பிரதர், மெத்தைக் குரலில்.

“வெளிச்சத் தண்ணி எது, குழாய்த் தண்ணி எதுன்னு உங்க கைக்குத் தெரியும்னு சொன்னீங்க. தெரியுதான்னு பார்ப்போம்.”

அம்மா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஃப்ரெடோ என்னைத் தெரியாதவன்போல எதிர்ப்பக்கம் பார்த்தான்.

“படிச்ச பொண்ணோ?”

“ஆமா.”

“படிப்பு தலைக்கு ஏறினா நெஞ்சுல இடம் இல்லாமப் போயிடும்” என்றார். கூட்டம் கைதட்டியது. நான் உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கார்மைன். இருபது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். நோயாளிகள் தாங்களே சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். அதற்கு அவர் தலைவர். அந்தச் சங்கத்தில் ‘பாவம், பலியானவர்கள்’ என்று யாராவது சொன்னால் கதவைக் காட்டிவிடுவார்கள். எங்களைப் பற்றி முடிவெடுக்கும் மேஜையில் எங்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று அட்டை பிடித்துத் தெருவில் நடப்பவர்கள். ‘கோபம் நோய்க்குத் தீனி’ என்று பிரதர் சாடியது அவர்களைத்தான்.

“பொண்ணு கேக்கறதுல என்ன தப்பு, பிரதர்?” என்றார் கார்மைன். “மெத்தை வித்தப்போ, படுத்துப் பாத்துட்டு வாங்குங்கன்னுதானே சொல்லியிருப்பீங்க?”

கூட்டம் சிரித்துவிட்டது. பக்தியோடு வந்த கூட்டமானாலும் சிரிப்பு சிரிப்புதான். வந்தபின் திருப்பி விழுங்க முடியாது. பிரதருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. சம்மதித்தார்.

ஒரே மாதிரி பன்னிரண்டு பாட்டில். எல்லோர் முன்னிலும் ஆறு பாட்டிலுக்கு வெளிச்சம் ஏற்றிக் கொடுத்தார். மற்ற ஆறில் கழிப்பறைக் குழாயிலிருந்து நானே பிடித்தேன். எண் போட்டு மாற்றி அடுக்குவது என் பொறுப்பு. ஒரு வாரம் சங்கத்துக் குளிர்பெட்டியில் இருக்கும். அடுத்த ஞாயிறு அவர் கையால் பிரித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், நான் இதே மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஃப்ரெடோ அப்போதுதான் வாய் திறந்தான்.

“அவர் ஜெயிச்சா மாத்திரையப் பத்தி நீ அப்புறம் பேசவே கூடாது.”

“அவர் தோத்தா?”

அவன் சட்டைப்பையிலிருந்த டப்பாவைத் தொட்டான். சரி என்று தலையை ஆட்டினான். எனக்கு அது போதும்.

கூட்டம் முடியும்போது பிரதர் ஒரு வேண்டுகோள் வைத்தார். சந்தேகப் பேய் பிடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் சமீபத்தில் கைப்பட எழுதிய தாள் ஒன்றைத் தாய்மார்கள் கொண்டுவந்து கொடுக்கலாம்; அதன்மேல் ஜெபித்தால் சந்தேகம் இறங்கிவிடும் என்றார். வழக்கமான வசூல் பேச்சு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்கத்தில் எனக்குப் பாராட்டுக் கிடைக்கும் என்று போனேன். வசவு கிடைத்தது. அதற்குக் காரணம் உண்டு. புதுமருந்து ஆராய்ச்சி என்ற பெயரில் மருத்துவமனைகள் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்தன. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. சாகப்போகிறவனுக்கு மாவைக் கொடுக்காதே என்று அதற்கு முந்தைய வாரம்தான் சங்கம் தெருவில் உட்கார்ந்து கத்தியிருந்தது.

“போன வாரம் அதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினோம். இந்த வாரம் அதையே கொண்டாந்து எங்க குளிர்பெட்டியில வைக்கறியே” என்றார் கார்மைன்.

“இதுல ஏமாறப்போறது பாட்டில்தான், மனுசன் இல்ல” என்றேன்.

சோதனை முடிந்ததும் பன்னிரண்டு பாட்டிலும் சங்கத்து ஆட்களுக்கே என்றும் சொன்னேன். அரைமனதோடு இடம் ஒதுக்கினார்கள்.

ஆராய்ச்சி மாத்திரைகளுக்குச் சங்கத்தில் ஒரு தனி மரியாதை இருந்தது. வாங்கி வந்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். குப்பியைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, ஆளுக்குச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒருவனுக்கு முழு மருந்து, ஒருவனுக்கு முழு மாவு என்பதைவிட எல்லோருக்கும் பாதி மருந்து. ஆராய்ச்சியின் முடிவு ஏன் இப்படிக் குழம்புகிறது என்று பெரிய டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டியது மிஸ் ஓபலை.

மிஸ் ஓபல் சங்கத்துச் சமையலறையின் அரசி. ஆறடி உயரம். கேளிக்கை விடுதியில் ஜிகினா அங்கி போட்டுப் பாடுகிறவர். பிறக்கும்போது ஆண் என்று எழுதிய சான்றிதழை அவர் எப்போதோ பொருட்படுத்துவதை விட்டுவிட்டார். ஹார்லெமில் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். எதையும் நம்ப மாட்டேன் என்பார். உப்புக் கொட்டினால் ஒரு சிட்டிகை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போடுவார். வெள்ளிக்கிழமை கறுப்பு பீன்ஸ் சூப் வைப்பார். அதற்காகவே சங்கத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

கார்மைன் என்னிடம் வேறொன்றும் கேட்டுக்கொண்டிருந்தார். சல்ஃபா மாத்திரையை எல்லா நோயாளிக்கும் கொடுக்கச் சொல்லி டாக்டர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள் என்று சங்கம் சுகாதார அலுவலகத்துக்கு எழுதியிருந்தது. ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. ஆதாரம் திரட்டுங்கள் என்று சங்கம் எழுதியது. அதற்கு நிதி இல்லை என்று பதில் வந்தது. “நாமளே திரட்டுவோம். யார் சாப்பிட்டாங்க, யாருக்குக் காய்ச்சல் வந்துதுன்னு ஒழுங்காப் பதிஞ்சு வைக்க, படிச்ச ஆள் வேணும். நீ வா” என்று இரண்டு தடவை கேட்டார். நான் இழுத்தடித்தேன். தெருவில் கத்துகிறவர்களோடு திரிந்தால் இங்கே வேலை இருக்காது என்று பரிசோதனைக் கூடத்துத் தலைவர் பொதுவாகச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

ஆதாரமே கேட்காதே என்கிற பிரதர் ஒரு பக்கம். ஆதாரத்தைத் தவிர எதையும் கேட்காத அதிகாரி ஒரு பக்கம். நடுவில் என் தம்பியின் நுரையீரல்.

திங்கட்கிழமை நாணயத்தைச் சுண்டி எண்களை ஒட்டினேன். எது எது என்பதற்கு ஒரே ஒரு பட்டியல், என் நோட்டுத் தாளில். வெளிச்சத்துக்குச் சூரியன் படம், குழாய்க்குப் பெருக்கல் குறி. பார்த்தால் யாருக்கும் புரியும். எல்லாவற்றையும் புரியும்படி எழுதுவது நல்ல பழக்கம் என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். தாளை உயிரியல் புத்தகத்துக்குள் வைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை என்னைத் தவிர யாரும் திறப்பதில்லை.

ஞாயிறு வந்தது. கூட்டம் இரண்டு மடங்கு. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் பன்னிரண்டு பாட்டில். தாளைக் கார்மைனிடம் மடித்துக் கொடுத்தேன்.

பிரதர் கண்களை மூடினார். கையை நீட்டினார். முதல் பாட்டில்மேல் உள்ளங்கை சும்மா மிதந்தது. “செத்த தண்ணி” என்றார். இரண்டாவதில் விரல்கள் துடித்தன. சுட்டதுபோலக் கையை இழுத்து ஊதிக்கொண்டார். மூன்றாவதிலும் அப்படியே. நான்காவது பிணம். ஐந்தாவதில் நெற்றி வியர்த்தது. முன்வரிசையில் ஒரு பெண் சேர்ந்து வியர்த்தாள். கடைசியில் ஆறு பாட்டிலை முன்னால் நகர்த்தி வைத்தார். இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு.

கார்மைன் தாளைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் மோசடி தெரியாத மனிதர். அதனால் சத்தமாகவே வாசித்தார்.

“ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, ஒம்பது, பன்னெண்டு. எல்லாம் சரி.”

கொட்டகை இடிந்துவிழும்போல ஆரவாரம். யாரோ அழுதார்கள், யாரோ பாடினார்கள். நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். பன்னிரண்டில் ஆறைக் குருட்டாம்போக்கில் சரியாக எடுக்கத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கில் ஒரு வாய்ப்பு. என் படிப்பின்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் அதுவரை என் பக்கம் இருந்தது. அன்றைக்குக் கட்சி மாறிவிட்டது.

ஃப்ரெடோ எழுந்தான். முகம் முழுக்க வெளிச்சம். சட்டைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தான். காணிக்கைக் கூடையை நோக்கி நடந்தான். கிலு, கிலு, கிலு. மற்றச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்கவில்லை. பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த வாய் என்னுடையது.

“ஃப்ரெடோ, கொஞ்சம் நில்லு கண்ணு.”

மிஸ் ஓபல். பாடகர் குழுவில் பழகிய குரல், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. எழுந்து நின்றதும் பின்னால் இருந்த மூன்று வரிசைக்கு மேடை மறைந்தது. பாவமன்னிப்புக் கேட்கிறவர்போலக் கையைப் பிசைந்தார்.

“நீடியா, என்னை மன்னிச்சுடு. உன் சோதனைய நான் கெடுத்துட்டேன்.”

“எதைக் கெடுத்தீங்க?”

“வெள்ளிக்கிழமை அந்தப் பன்னெண்டு பாட்டிலையும் சூப் சட்டியில கொட்டி, கரண்டியப் போட்டுக் கலக்கி, திருப்பி ஊத்தி வச்சேன்.”

டப்பாவின் கிலுகிலுப்பு நின்றது.

“ஏன்?” என்றேன்.

“சோதனை முடிஞ்சதும் பாட்டிலை நம்ம ஆளுங்களுக்குத்தானே கொடுக்கறதாச் சொன்னே. ஆறு பேருக்கு வெளிச்சம், ஆறு பேருக்குக் கக்கூஸ் குழாயா? நம்ம வீட்டுல அப்படிப் பங்கு வைப்போமா? எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா ஒருவேளை இருந்துட்டா?” என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எல்லாருக்கும் பாதிப் பாதியாவது கிடைக்கட்டும்னு செஞ்சுட்டேன்.”

கார்மைன் பேருந்தைத் திருப்புவதுபோல மெதுவாக மேடைப்பக்கம் திரும்பினார்.

“அப்போ பன்னெண்டும் ஒரே தண்ணி.”

“ஒரே சட்டி” என்றார் ஓபல். “அவசரத்துல சட்டியச் சரியாக் கழுவக்கூட இல்ல.”

கார்மைன் மேடை ஏறினார். நெருப்பாகச் சுட்ட மூன்றாம் பாட்டிலையும் பிணமாகக் கிடந்த நான்காம் பாட்டிலையும் திறந்து மோந்து பார்த்தார். முன்வரிசைக்குக் கொடுத்தார். அந்த இரண்டு பாட்டிலும் கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாகப் போயின. மூக்குகள் குனிந்தன. மூக்குகள் நிமிர்ந்தன. இரண்டிலும் பீன்ஸ் வாசம். அந்த மண்டபத்தில் மக்கள் தாங்களாகவே ஒன்றைச் சோதித்துப் பார்த்தது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். பழக்கமில்லாததால் கொஞ்சம் வெட்கத்தோடு செய்தார்கள்.

எனக்கு மூளை திரும்பி வந்தது.

“தண்ணியில வித்தியாசமே இல்ல. வித்தியாசம் இருந்தது என் தாளுல மட்டும்தான்” என்றேன். “உங்க கை தண்ணியப் படிக்கல, பிரதர். என் தாளை யாரோ உங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க.”

ஆனால் யார்? தாள் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகம் வீட்டில் இருந்தது.

“சூரியன் படம் போட்ட தாளா?” என்றது பக்கத்தில் ஒரு சின்னக் குரல்.

அம்மா. கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான்தான்டி கொடுத்தேன். புதன்கிழமை. நீ புதுசா எழுதின தாள் வேணும்னு அவர்தானே கேட்டார். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? அழகாச் சூரியன் போட்டிருந்துது, மங்களமா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். உள்ள அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணினார். ரொம்ப நேரம் பண்ணினார். அப்புறம் திருப்பிக் கொடுத்தார், உன் புத்தகத்துக்குள்ளயே வச்சுட்டேன்.” பிறகு மேடையைப் பார்த்தார். “நம்பித்தானே பிரதர் கொடுத்தேன்?”

ஒரு மனிதருக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி அது. பிரதர் கஷ்டப்படவில்லை. மெத்தைக் குரல் கொஞ்சம் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். சட்டியில் கலந்தாலும் வெளிச்சம் தன் பாட்டிலைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும் என்றார்.

நம்புவீர்களா, இதற்கும் எட்டுப் பத்துப் பேர் கைதட்டினார்கள்.

“ரொம்பச் சரி” என்றார் கார்மைன். எண் சீட்டுகளையெல்லாம் உரித்து அந்தந்தப் பாட்டிலின் அடியில் ஒட்டிவிட்டு, பாட்டில்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கினார். “இப்போ இன்னொரு தடவை. அதே ஆறு. செஞ்சு காட்டுங்க.”

இன்றைக்கு வெளிச்சம் களைத்துவிட்டது என்று பிரதர் அறிவித்தார். திரைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு; சினிமாக் காலத்தில் படம் பிடிக்காதவர்கள் போகும் வழி. அதன் வழியாகப் போனார். வெள்ளைச் செருப்பு ஒன்று படியில் கழன்று விழுந்தது. திரும்பி வந்து எடுக்கவில்லை. அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம் என்றார் ஓபல். ஊன்றுகோலுக்குத் துணையாக இருக்கும்.

கூட்டம் கலைந்திருக்க வேண்டும் அல்லவா? பாதிதான் கலைந்தது. மீதியில் இருபது பேர் மேஜை முன்னால் காலிப் பாட்டிலோடு வரிசை கட்டினார்கள். மனிதர் தவறியிருக்கலாம், தண்ணீர் என்ன பாவம் செய்தது என்று ஒருவர் எனக்கு விளக்கினார். தனக்குத் தெரிந்த ஒருவரின் மச்சானுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்தாராம்.

ஃப்ரெடோ காணிக்கைக் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். முகத்து வெளிச்சம் அணைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. அவன் நம்பியது தண்ணீரை மட்டுமா? பிழைத்துக்கொள்வேன் என்று நம்பினான். இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்து விற்றிருந்தார்கள்.

நான் பக்கத்தில் போனேன். அவன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தான். நாக்கில் போட்டான். தொண்டை வறண்டிருக்க வேண்டும், விழுங்க முடியாமல் முழித்தான். மேஜைக்குப் போய்க் கைக்குக் கிடைத்த பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தான். நெருப்பா பிணமா என்று பார்க்கவில்லை.

“எப்படிடா இருக்கு?”

வாயைத் துடைத்துக்கொண்டான்.

“உப்புக் கம்மி” என்றான்.

ஓபல் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மகனின் கையிலிருந்த டப்பாவை வாங்கி, மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்து, தன் கைப்பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம், வேளைக்கு எத்தனை என்று கேட்டார். சொன்னேன். மறந்துவிடும், எழுதிக் கொடு என்றார். “எனக்குப் புரியற மாதிரி” என்றும் சொன்னார். சூரியன் உதிக்கும் படம் ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

கார்மைன் காலியான பாட்டில்களைக் கழிப்பறைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. அவருக்கும் மானம் உண்டு.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?” என்றேன்.

“எதுக்கு?”

“மாத்திரைக் கணக்குக்கு. வேலை எட்டரைக்கு. அதுக்கு முன்னாடி வரேன்.”

“உன் தலைவருக்குத் தெரிஞ்சா?”

“நானே சொல்லிட்டுத்தான் வருவேன்.”

அவர் ஒரு பாட்டிலைத் துடைத்து வைத்தார். “ஏழு மணி. மாவு மாத்திரை கீவு மாத்திரைன்னு ஏதாவது கொண்டாந்தே…”

“கொண்டாந்து என்ன பிரயோஜனம்? ஓபல் கலக்கிடுவாங்க.”

மருந்து இன்றிச் செத்தவர்களின் பட்டியல் ஏற்கெனவே போதுமான நீளம் இருந்தது. இனிமேல் சாப்பிட்டவர்களின் பட்டியலை எழுத வேண்டியதுதான். முதல் பெயர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. சளி என்று எழுதப் போவதில்லை. நோயின் பெயரைத்தான் எழுதுவேன். அதிகாரி ஆதாரம் கேட்டார், கொண்டுபோய் மேஜையில் போடுகிறோம். அதன்பிறகும் முகத்தைத் திருப்பினால், பிரதரிடம் கேட்டதை அவரிடமும் கேட்பேன்.

வாசலுக்கு வந்தேன். பலகை அப்படியே தொங்கியது. வெளியே மழை பிடித்திருந்தது. உள்ளே வரிசையில் நிற்கும் இருபது பேரின் குடைகளும் தொட்டியில் நனையாமல், சமத்தாக நின்றன. அவற்றோடு அவர்கள் விட்டுப்போன மற்றதும் அங்கேதான் இருந்தது. அதற்குப் பூட்டும் இல்லை, காவலும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. போகும்போது யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். குடையைத்தான் மறக்காமல் எடுத்துப் போகிறார்கள்.

என்னுடையதை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.